கம்பம் தொடுகிறவர்

மெத்தைக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கல்லூரி முடிந்ததும் அங்கே போய், தெருக் கேமராக்கள் பிடித்த துண்டு வீடியோக்களைப் பார்த்து, அதில் போகிற ஆள் நார்மலா அப்நார்மலா என்று தீர்ப்புச் சொல்வேன். இதற்குத் தகுதி எதுவும் கேட்கவில்லை. கண் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. நாங்கள் சொல்வதைப் படித்துத்தான் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் மனிதர்களைப் புரிந்துகொள்ளப் போகிறதாம். அதன் தலையெழுத்து.

நார்மலுக்கு ஒரே ஒரு பச்சைப் பட்டன். அப்நார்மலை அமுக்கினால் அனுமார் வால் மாதிரி வார்த்தைகள் இறங்கும்: ஆட், வியர்ட், எராட்டிக், டீவியண்ட், கிரீப்பி. ஒழுங்காக இருக்கிறவனுக்கு ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்ட ஆங்கிலம், பிடிக்காதவனுக்கு மட்டும் மூட்டையையே அவிழ்த்துக் கொட்டியிருந்தது. நம்மிடம் 'ஆளு ஒரு மாதிரி' என்பதோடு சரி. எந்த மாதிரி என்று சொல்லாமல் விடுகிற நாகரிகமாவது அதில் உண்டு.

ஒரு வீடியோ ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு வரும். இரண்டு பேர் சொல்வது சரி, மூன்றாமவர் தப்பு. அடிக்கடி தப்பாகிறவரின் மதிப்பெண் சரியும், அப்புறம் நாற்காலியும் போகும். ஆகவே அங்கே யாரும் வீடியோவைப் பார்த்து யோசிப்பதில்லை. பக்கத்து ஆள் என்ன நினைப்பான் என்றுதான் யோசிப்பார்கள்.

எங்கள் மூவரில் நான் ஒருவன். இன்னொருவன் சளி. பட்டப்பெயர்தான், விளக்கம் வேண்டாம். மூக்கை உள்ளங்கையால் துடைத்து அதே கையால் மவுஸைப் பிடிப்பான். சாயங்காலத்துக்குள் அந்த மவுஸ் நத்தை ஊர்ந்தது மாதிரி பளபளக்கும். காலை ஷிஃப்டில் அதைத் தொடப்போகிறவரை நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

மூன்றாவது, அக்கா. நாற்பதைத் தாண்டியவர். மூன்று பேரில் வீடியோவை நிஜமாகப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான், அதுதான் வினை. தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர், நடைபாதையின் கோடுகளை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடக்கிறவர், எல்லோருக்கும் பச்சைப் பட்டனையே அமுக்குவார். அவர் வீட்டுக்காரர் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவர். தெருவில் நடந்தால் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் ஒரு விரலால் தொட்டுவிட்டுத்தான் போவாராம். ஒன்று விட்டுப்போனால் திரும்பி வந்து தொடுவாராம். அதனால் இவர்கள் எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. "தொடுறாரு, அவ்ளோதான். கம்பம் ஒண்ணும் கம்ப்ளெயிண்ட் பண்ணலையே" என்பார் அக்கா.

கம்பம் பண்ணவில்லை. மதிப்பெண் பண்ணியது. எங்கள் டீம் லீடர், வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஓகேவா' போடுவதால் ஓகேவா என்றே பெயர் பெற்றவர், அக்காவைக் கூப்பிட்டு இந்த மாதக் கடைசிக்குள் தேறாவிட்டால் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுப்புக்காரரின் சம்பளத்தை மட்டும் வைத்து அந்த வீடு ஓடாது என்பது எங்களுக்குத் தெரியும்.

எனவே ஓர் ஒப்பந்தம் போட்டோம். முதலில் பார்த்து முடிப்பவர் இருமவேண்டும். ஒரு இருமல் என்றால் நார்மல். இரண்டு என்றால் அப்நார்மல், வார்த்தை எப்போதும் எராட்டிக், அதாவது தாறுமாறு. மற்ற இருவரும் அதையே அமுக்கிவிட வேண்டும். சளி என்று ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருமலைச் சைகையாகத் தேர்ந்தெடுத்த எங்களை எந்த வார்த்தையில் சேர்ப்பது என்று அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் சளிக்கு நிஜமாகவே நெஞ்சு கட்டிக்கொண்டது. அவன் லொக்கு லொக்கு என்றான், நாங்கள் அமுக்கினோம். பஸ்ஸுக்கு நின்ற கிழவி எராட்டிக். குனிந்து ஷூ லேஸ் கட்டியவன் எராட்டிக். குடையை விரித்தவர் எராட்டிக். எது சைகை, எது வியாதி என்று அவனுக்கே தெரியவில்லை. நிறுத்தலாம் என்று நான் சொல்வதற்குள் மதிப்பெண் வந்துவிட்டது: மூவருக்கும் நூற்றுக்கு நூறு. அக்காவின் முகத்தில் அன்றுதான் ரத்தம் ஓடியது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஓகேவா புல்லரித்துப் போனார். இவ்வளவு ஒற்றுமையை அவர் சர்வீஸிலேயே பார்த்ததில்லையாம். எங்கள் தீர்ப்புகளையே மாதிரியாக வைத்துப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் நடத்த, எல்லோரையும் பெரிய திரைக்கு முன் உட்காரவைத்தார். கிழவியைப் பார்த்து அவர்கள் தலையாட்டினார்கள். குடைக்காரரைப் பார்த்தும் ஆட்டினார்கள். ஒருத்தி நிஜமாகவே முகத்தைச் சுளித்தாள்.

அடுத்து வந்த வீடியோவில் ஓர் ஆள் விளக்குக் கம்பத்தை ஒரு விரலால் தொட்டார். நடந்தார். அடுத்ததைத் தொட்டார். கீழே சிவப்பில் எங்கள் மூவரின் தீர்ப்பு: எராட்டிக். அது அடுப்புக்காரர் இல்லை, வேறு யாரோ. ஆனால் அதே விரல்.

ஓகேவா அக்காவை எழுப்பி, இவர் ஏன் அப்நார்மல் என்று விளக்கச் சொன்னார். ஏதாவது நாலு வார்த்தை போதும். நாற்காலி பத்திரமாக இருக்கும். சொல்லிவிடுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இத பாக்கவே இல்ல சார். இவன் இருமுனான், நான் அமுக்குனேன். மூணு பேரும் அப்படித்தான். என் ஓட்ட மாத்திக்கிறேன், இந்த மனுசன் நார்மல்."

நானும் எழுந்து ஆமாம் என்றேன். சளியைக் கேட்டார்கள். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தனக்கு அந்த ஆள் ஒரு மாதிரியாகத்தான் தெரிந்தார் என்றான்.

"மூணு பேரும் அமுக்குனது டேட்டா. இப்ப பேசுறது டேட்டா இல்ல. ஓகேவா?" என்றார் ஓகேவா. அக்காவை வெளியே போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு நார்மலாக வரச் சொன்னார்.

அக்கா பையை எடுத்துக்கொண்டார். பின்னாலேயே படிவரைக்கும் போனேன். இன்னும் ஒரு மாதம் பல்லைக் கடித்திருக்கலாமே என்று உளறினேன்.

"ராத்திரி எங்க வீட்டுக்காரரு மூஞ்சியப் பாத்து நான்தான்டா சோறு போடணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

உள்ளே திரும்பினால் பாடம் நடந்துகொண்டிருந்தது. முகத்தைச் சுளித்த பெண் கையைத் தூக்கி, கம்பத்துக்குப் பதில் சுவரைத் தொட்டால் என்ன என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று பாராட்டிய ஓகேவா, அதுவும் எராட்டிக்தான் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.