அழுத்தி வாசி, அக்கா

மைக் மறுபடியும் ஊளையிட்டது. நிகழ்ச்சி தொடங்கவில்லை, சத்தம்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். முன்கூட்டியே வந்து முன்வரிசையில் இருந்தவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். கிட்டார் வாசிப்பது அக்கா, முறைப்பு எனக்கு. இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். பாட்டு நன்றாக இருந்தால் கைதட்டல் மேடைக்குப் போகும், சத்தம் கெட்டால் அதை ஏற்றி இறக்கும் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனைத் தேடுவார்கள்.

புத்தகக் கடையின் பின்னறை அது. அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி, நாற்காலி போட்டு, மாதம் ஒரு சாயங்காலம் யாரையாவது பாட்டு வாசிக்கவிடுவார் கடைக்கார அம்மா. அவரிடம் கேட்டுக் கேட்டு அக்கா இந்த மாத வாய்ப்பை வாங்கியிருந்தாள். வரும் வழியில் வண்டியில் கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு யாருக்கும் கேக்கலன்னா இதோட விட்டுடுவேன்டா. இத வித்துடலாம்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அக்கா ஒன்றை விட்டால் விட்டதுதான்.

மைக்கே தேவைப்பட்டிருக்காது. அந்தக் கிட்டாருக்குள்ளேயே தந்தியின் சத்தத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு பிக்கப் இருக்கிறது. ஒயரைச் சொருகினால் சத்தம் நேரே ஸ்பீக்கருக்குப் போய்விடும். ஆனால் ஒயர் சொருகியிருக்கும்வரை உள்ளே பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், வாசித்ததும் பிடுங்கிவிடு என்று வாங்கிய அன்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மகராசி, நிகழ்ச்சியன்று மறந்துவிடக் கூடாதே என்று வாரத் தொடக்கத்திலேயே ஒயரைச் சொருகி, பையில் போட்டு, ஜிப்பையும் இழுத்து மூடி வைத்துவிட்டாள். பேட்டரி பைக்குள்ளேயே உயிரை விட்டிருந்தது. அந்தச் சதுர பேட்டரி அக்கம்பக்கத்துக் கடை எதிலும் இல்லை. என் பெட்டியில் இருந்ததை முந்தின நாள் கூட்டத்தில் ஒருவர் இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை. என்ன செய்வது, மைக்கை நீட்டினேன்.

மைக்குக்கு முன்னால் அழுத்தி வாசித்தால் நான் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அக்கா வாசிப்பதோ தூசி தட்டுகிற மாதிரி. அது பின்வரிசைக்கு எட்ட வேண்டுமென்றால் நான் சத்தத்தை ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஸ்பீக்கரில் வருவதை மைக் மறுபடி வாங்கி ஊளையிடும். மைக்கைக் கிட்டாரின் ஓட்டைக்கு நேரே வைக்காமல் கழுத்துப் பக்கம் நகர்த்தினேன். ஸ்பீக்கரைத் திருப்பினேன். அடிச்சத்தத்தை வெட்டினேன். ஒன்றும் பிரயோஜனமில்லை.

"அழுத்தி வாசிக்கா."

"அழுத்திதான்டா வாசிக்கிறேன்."

"இதுவா? எனக்கே கேக்கல."

அவள் கோபமாக ஒரு தட்டு தட்டினாள். அறை நிறைய இருந்தது அந்தச் சத்தம். உடனே உள்ளங்கையால் தந்திகளை அமுக்கிவிட்டு மூலை நாற்காலியைப் பார்த்தாள். அங்கே அவள் புருஷன், என் மாமா, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

எனக்குப் புரிந்துபோயிற்று. மாமாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலெல்லாம் தூக்கம். அக்காவுக்குப் பல் டாக்டரிடம் சாயங்கால வேலை. அவளுக்குக் கிடைத்த காலை நேரத்தில், அவர் தூங்கும் வீட்டில், குளியலறைக் கதவைச் சாத்தி, தந்திக்கு அடியில் துண்டைத் திணித்துக்கொண்டு பழகியவள். அந்தக் கைக்கு வேறு வாசிப்பு தெரியாது. இந்த மனுஷனோ இங்கேயும் வந்து தூங்குகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவரிடம் போனேன்.

"மாமா, தூங்கணும்னா வண்டியில போய்ப் படுங்க. உங்களப் பாத்தாலே அவளுக்குக் கை ஓட மாட்டேங்குது."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "யாருடா தூங்குறது? கேட்டுட்டு இருக்கேன்" என்றார். "வீட்டுலயும் இப்படித்தான். நான் புரண்டு படுத்தாலே நிறுத்திடுவா. அதனால அசையாம கெடப்பேன்."

"எத்தன நாளா?"

"ஆரம்பத்துலேருந்தே."

"இத அவகிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா கூச்சப்பட்டு அதையும் விட்டுடுவா. உங்க அக்காவ உனக்குத் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டாவது பாட்டுல நடுவுல ஒரு இடம் வரும் பாரு, அங்கதான் தடுக்கும் அவளுக்கு. தாண்டிட்டாப் போதும்" என்றார்.

என் தலையில் நானே அடித்துக்கொண்டு மிக்சருக்குத் திரும்பினேன். அவர் எழுந்துவிடக் கூடாதென்று இவள் குளியலறையில், இவள் நிறுத்திவிடக் கூடாதென்று அவர் கட்டையாய்ப் படுக்கையில். நல்ல ஜோடி. யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் இன்றைக்கு என் பாடு இவ்வளவு திண்டாட்டமாகியிருக்காது.

நாற்காலிகள் நிறைந்தன. அக்கா முதல் பாட்டை வாசித்தாள். பின்வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கதவோரம் நின்ற கடைக்கார அம்மா விரலை மேலே மேலே காட்டினார். நான் ஏற்றினேன், மைக் முனக ஆரம்பித்தது, இறக்கினேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். முடிந்ததும் நாலு பேர் மரியாதைக்குக் கைதட்டினார்கள். அக்கா நிமிரவேயில்லை. கிட்டாரை விற்றாயிற்று என்றே நினைத்தேன்.

இரண்டாவது பாட்டு. மாமா சொன்ன இடம் வந்தது, விரல் தடுக்கியது. திரும்பத் தொடங்கினாள், மறுபடி அங்கேயே நின்றாள். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

அப்போது மூலையிலிருந்து முனகல் கேட்டது. மைக்தான் என்று பதறி எல்லாவற்றையும் இறக்கினேன். மைக் இல்லை. மாமா. கண்ணை மூடியபடியே, சுருதி கண்டபடி விலக, அவள் விட்ட இடத்திலிருந்து அடுத்த வரியை முனகிக்கொண்டிருந்தார். பாதம் தரையில் தாளம் போட்டது. தப்பே இல்லாத தாளம். இறக்கியதை மறுபடி ஏற்றினேன்.

அக்கா அவரையே பார்த்தாள். முதலில் விளங்காத பார்வை. பிறகு காதெல்லாம் சிவந்து, பல்லைக் கடித்து, சின்ன வயதில் நான் அவள் பென்சிலை ஒளித்து வைத்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"இவ்வளவு நாளா முழிச்சிட்டா இருந்தீங்க?" என்றாள். அதை மட்டும் மைக் தெளிவாக வாங்கி அறைக்கே சொன்னது.

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

அக்கா தந்தியில் கையை இறக்கினாள். தடுக்கிய இடம் போன இடம் தெரியவில்லை. மிக்சரில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சை விளக்குகள் ஏறின, மஞ்சளைத் தாண்டின, உச்சியில் சிவப்பு பற்றிக்கொண்டது. நான் அவசர அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், அடிவரைக்கும் இழுத்துவிட்டேன். சிவப்பு அணைந்தது. கடைக்கார அம்மா கதவோரத்திலிருந்து என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஸ்பீக்கரில் ஒன்றுமே வரவில்லை என்று அவருக்குத் தெரியாது.