பச்சைப் பொறி

இரும்பு பட்டால் பச்சைப் பொறி பறக்கிற வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் பாண்டிமீனாவின் வீடு அப்படித்தான். அவள் புருஷன் ஜெயபாண்டி பட்டாசுக் கம்பெனியில் பச்சை மருந்து கலந்தவன். இரும்பு நுழையவே கூடாத அந்த மருந்து அறையில் யாரோ இரும்புக் கரண்டியால் சட்டியைச் சுரண்ட, ஒரு பொறியில் அவனோடு அறையே போயிற்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஆறு மாதக் கர்ப்பத்தோடு அவள் வெங்காயம் அரிய உட்கார்ந்தபோது அரிவாள்மனையிலிருந்து பச்சையாகப் பொறி பறந்தது. அரிவாள்மனை, தோசைக்கல், கரண்டி எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. காய் நறுக்கவும் அங்கேதான் போனாள். தெரு பழகிக்கொண்டது.

மகள் ரோஷினி இரண்டு பாதமும் உள்ளே மடங்கிப் பிறந்தாள். மல்லாங்கிணறு தாய்வீட்டில் இருந்தபடி வாரம் ஒன்றாக ஆறு மாவுக்கட்டு, குதிகால் தசைநாரில் சின்ன வெட்டு, பாதம் நேரானது. பிறகு இரண்டு குட்டி ஷூவை ஓர் இரும்புப் பட்டையில் திருகிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் முழுநேரமும், அப்புறம் நாலு வயது வரை தூங்கும்போதெல்லாம் மாட்ட வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காக மாட்டினாள். பட்டாசு சீசன் வேலைக்காக வீடு திரும்பிய அன்றே பிள்ளை காலை உதைக்க, பட்டை சுவரில் இடித்துப் பொறி கொட்டியது. கழற்றிப் பரணில் போட்டாள். ஆறு மாதத்தில் பாதங்கள் பழையபடி உள்ளே திரும்பின.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆரோக்கியம் ஷூவைப் புரட்டிப் பார்த்தார்.

"தெனமும் மாட்டுறியாத்தா?"

"மாட்டுறேன் சிஸ்டர்."

"பிள்ள வளந்தும் வாரு மடிப்பு பழைய ஓட்டையிலயே இருக்கே. பொம்மைக்கா மாட்டுன?"

பாண்டிமீனா அழுதுவிட்டாள். "எங்க வீட்டுக்கு இரும்பு ஆகாது சிஸ்டர். அவுகளக் கொண்டுபோனதே அதுதான்."

"இப்பத் திரும்ப மாவுக்கட்டு. இதையும் கெடுத்தீன்னா அடுத்தது கத்தி. அதுவும் இரும்புதான் தாயி."

மறுபடி கட்டு, மறுபடி ஷூ. வீட்டுக்கு வந்த அன்று பொழுதடைய, கம்பெனியில் வைப்பதுபோல மணலும் நனைத்த சாக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாரை இழுத்து மாட்டினாள். பிள்ளை தூக்கத்தில் உதைத்தது. பச்சையாகப் பொறி கொட்டியது. சாக்கைத் தூக்கிய கையில் விழுந்தது, சுடவில்லை. எவ்வளவு கழுவினாலும் ஜெயபாண்டியின் நகக்கண்ணை விட்டுப் போகாத மருந்து வாசனை வீடெங்கும் அடித்தது. சாக்கைக் கீழே வைத்தாள்.

"மெதுவாங்க," என்றாள். "பிள்ள தூங்குறா."

மறுநாள் காலையில் பாயில் ஒரு கைப்பிடிச் சாம்பல் கிடந்தது. அதைப் பெருக்கி அள்ளிவிட்டு, ஷூ மாட்டிய பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பாண்டிமீனா ஏழரை மணி கம்பெனி வேனில் ஏறினாள்.