நீல நூல் கட்டிய கோழி

எனக்கு என் ஓரகத்தி மேல் பொறாமை. இதைச் சொல்ல எதற்கு வெட்கம்? காலை ஐந்தரைக்கு எழுந்து, சமைத்து, பெற்ற மகளுக்குத் தலை பின்னி அனுப்பி, அப்புறம் நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதித்துப் பள்ளிச் சீருடை தைக்கிறவள் நான். கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த இவளோ ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்குத்தான் வாசலில் செருப்பைக் கழற்றுவாள். என் மகள், பத்து வயதுக் கழுதை, "சித்தி!" என்று பாய்ந்து போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். குஞ்சுக்கும் தன் காக்கை பொன்னாகத் தெரிய வேண்டுமே, அதற்கு ஒருத்தரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

மகளுக்குக் கோழிக்குஞ்சு வளர்க்க ஆசை. இதிலாவது அவளை என் பக்கம் இழுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தீவனக் கடைக்குக் கிளம்பினேன். "சித்தி வராம நான் வரல" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் மூவருமாகப் போனோம்.

கடைக்குள் நுழைந்ததுமே தவிட்டு வாசனை. மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தகரத் தொட்டியில், பல்பு வெளிச்சத்துக்கு அடியில், நூறு குஞ்சுகள் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன.

"மூணு போதும்," என்றேன்.

"ஆறுக்குக் குறைஞ்சு தர மாட்டேன்மா," என்றார் கடைக்காரர். "கூட்டமா இருந்தாதான் ஒண்ணுக்கொண்ணு சூடு. இல்லேன்னா விறைச்சுப் போயிரும்."

"அப்ப உங்களுக்கு மூணு, எனக்கு மூணு. சரிதானேக்கா?" என்றாள் ஓரகத்தி. இவளை யார் கேட்டது?

மகள் தொட்டிக்குள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதலில் எடுத்ததை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நான் கையை நீட்டினேன். "இது சித்திக்கு," என்றாள். இருவரும் அதன் காலைப் பார்த்து ஏதோ குசுகுசுத்துச் சிரித்தார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் மானம் என்ன ஆவது? எனக்கு வந்த மூன்றும் கடைக்காரர் கைக்கு அகப்பட்டவை.

வீட்டில் ஒரே அட்டைப்பெட்டி, ஒரே பல்பு. ஆறும் ஒரே மஞ்சள், ஒரே மூஞ்சி. அடையாளத்துக்கு என் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்துக் கால்களில் கட்டினேன். அவளுடையவற்றுக்குச் சிவப்பு, என்னுடையவற்றுக்கு நீலம். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் குடிக்கப் பழக்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர். அதையும் அவளும் மகளுமே சிரித்துச் சிரித்துச் செய்தார்கள். நான் அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன்.

ஐந்தாம் நாள் காலை பெட்டியைத் திறந்தால், நீல நூல் கட்டிய குஞ்சு ஒன்று விறைத்துக் கிடந்தது.

போயும் போயும் என்னுடையதா சாக வேண்டும்? அம்மாவுக்கு ஒரு குஞ்சைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று மகள் முகம் சுளிப்பது அப்போதே என் கண்ணுக்குத் தெரிந்தது. ஓரகத்தி குளியலறையில் இருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். எடுத்ததுதான் எடுத்தேன், சிவப்பு நூல்களில் கொழுத்த குஞ்சாகப் பார்த்து எடுத்தேன். அதன் காலுக்கு நீலம், செத்ததன் காலுக்குச் சிவப்பு. இரண்டே நிமிடம்.

"ஐயோ, உன் குஞ்சு ஒண்ணு போயிருச்சேம்மா," என்று நானே போய் அவளிடம் சொன்னேன். என் வாய்க்கு என்ன கூச்சம்! மகள் மட்டும் செத்த குஞ்சின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குழி தோண்டப் போனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

வாராவாரம் ஓரகத்தி நூல்களை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவாள். "என் நூலை நீ ஏன் தொடுறே?" என்று ஒருநாள் சீறினேன்.

"கால் பெருக்குதுல்லக்கா. இறுகினா அறுத்துரும்," என்று என்னுடையவற்றுக்கும் சேர்த்தே கட்டினாள். நல்லவள் வேஷம் என்று பல்லைக் கடித்தேன்.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு சனிக்கிழமை ஓரகத்தி பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள். "அக்கா, உங்க நீல நூல்தான் முதல் முட்டை!" என்று என் உள்ளங்கையில் வைத்தாள். முட்டை இன்னும் சூடாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போய்க் கோழியைப் பிடித்து மடியில் வைத்துத் தடவினேன். அப்போதுதான் அதன் காலைப் பார்த்தேன்.

"இதென்ன, ஒரு விரல் கோணலா இருக்கு?"

அவள் தன் இடக்கைச் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டாள். அது பிறவியிலேயே கோணல்.

"கடையிலேயே அப்படித்தான்க்கா. உங்க விரல் மாதிரியே இருக்கு சித்தின்னுதான் பாப்பா எடுத்தா."

"அப்ப... உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"பாப்பாதான் முதல்ல கண்டுபிடிச்சா. 'அம்மாகிட்ட கேக்காதீங்க சித்தி, அம்மா அழுதுருவாங்க'ன்னா. சத்தியம் வாங்கிக்கிட்டா."

அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஐந்து மாதமாக என் திருட்டை என் மகள் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். அதிலும் பாருங்கள், கூட்டுக்கு இவளைத்தான் சேர்த்திருக்கிறாள். வெட்கத்தில் சாகிற நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது.

மகள் டியூஷனிலிருந்து வந்தாள். "ஐ, முட்டை! யாரு கோழி?"

"சித்தி கோழிதான்," என்றேன். "நான்தான் நூலை மாத்திட்டேன்." அவள் பயந்தபடியே அழுதுவிட்டேன்.

மகள் சித்தி பக்கம் திரும்பினாள். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்கல்ல? ஏன் அம்மாவை அழ வச்சீங்க?" என்று கத்தினாள். பையை எறிந்துவிட்டு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஓரகத்தி கோணல் விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தப்பு அவளுடையது இல்லை என்று நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மகள் இரண்டு நாள் சித்தியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பேசவைத்தேன். முதல் நாளே செய்திருக்கலாம். எனக்கு அந்த இரண்டு நாள் வேண்டியிருந்தது.