எல்லைக்கு இந்தப் பக்கம்

காரவள்ளி எல்லைக் கல்லைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் டிரைவர் அசோக் காரை மெதுவாக ஏற்றி இறக்கினான். அப்படியும் முன்சீட்டில் இருந்த சின்னுசாமியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்சீட்டில் இருந்த பூங்குழலி கையை நீட்டி அப்பாவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் இறந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. சேந்தமங்கலம் தாண்டும்போது தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிட்டது. இழுப்பும் இல்லை, முனகலும் இல்லை. இரண்டு வருஷமாக வலியில் புரண்டு புரண்டு படுத்த மனுஷன் இவ்வளவு சுலபமாகப் போனதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. அதற்கும் பிறகுதான் பயம் வந்தது.

வெளியூரில் செத்தவரை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. எல்லைக்கு வெளியே பந்தல் போட்டுக் கிடத்தி, அங்கிருந்தே சுடுகாட்டுக்கு எடுத்துவிடுவார்கள். முப்பது வருஷம் லாரி ஓட்டி, ராத்திரியெல்லாம் ரோட்டோரம் லாரிக்குள்ளேயே படுத்துக் கிடந்து கட்டிய வீடு. கடைசியிலும் அவர் வெளியில்தான் கிடக்க வேண்டுமா?

கோட்டை பார்க்கப் போகணும் என்று கேட்டது அவர்தான். நாமக்கல், சங்ககிரி, செஞ்சி, வேலூர் என்று எல்லாக் கோட்டைக்கும் கீழே வண்டி ஓட்டியிருக்கிறார், ஒன்றிலும் நுழைந்ததில்லை. எப்போதும் லோடு இருந்தது, நேரம் இல்லை. இனி சில வாரம்தான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவருக்கு நேரம் கிடைத்தது. அம்மா சாமியாத்தாள் ஒரே பிடியாக வேண்டாம் என்றாள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் ஊருக்குள் விடுவார்களா என்று முதலில் கேட்டதே அவள்தான். பூங்குழலி காதில் போட்டுக்கொள்ளாமல் வாடகைக் கார் பேசிக் காலையிலேயே கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நாமக்கல்லில் பாறைப் படியில் ஏழெட்டுக்கு மேல் அவரால் ஏற முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து மதிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சங்ககிரியில் மட்டும் பிடிவாதமாக அசோக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் வாசல் வரை நடந்துவிட்டார். இடிந்த சுவரில் சாய்ந்து, கீழே ரோட்டில் போகும் லாரிகளை வெகுநேரம் பார்த்தார்.

"இங்கிருந்து பாத்தா நம்ம வண்டிதான் பொடுசாத் தெரியுது கண்ணு," என்றார். அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வழியில் இருந்து அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னதும் அவள் போனை வைத்துவிட்டாள். இனி அம்மா தன்னோடு பேச மாட்டாள் என்றே பூங்குழலி நினைத்தாள்.

வேகத்தடையை ஒட்டிய டீக்கடையில் இருந்து பெரியப்பா குழந்தைசாமி எழுந்து வந்தார். அப்பாவின் அண்ணன், ஊர் வழக்கத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. கோட்டையெல்லாம் எப்படி இருந்தது என்று கேட்கத்தான் வந்தார். ஜன்னலில் குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து, காரின் முன்னால் போய் பானட்டில் கையை வைத்தார். கடையில் இருந்தவர்களும் வந்து நின்றார்கள்.

"எங்க வெச்சு உசுரு போச்சு அம்மிணி?"

பூங்குழலிக்கு உண்மையும் வாயில் வரவில்லை, பொய்யும் வரவில்லை. அசோக் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அம்மா வந்தாள். ஓடியும் வரவில்லை, அழுதுகொண்டும் வரவில்லை. கையில் தண்ணீர்ச் சொம்பு. யார் முகத்தையும் பார்க்காமல் கதவைத் திறந்து, புருஷனின் தலையைத் தன் தோளில் சாய்த்து, வாயைத் திறந்து ஊற்றினாள். ஊற்றியதெல்லாம் கடைவாய் வழியாக வழிந்து கழுத்தில் இறங்கிச் சட்டையை நனைத்தது. நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

"முழுங்கிட்டாருங்க மாமா," என்றாள் அம்மா. "எங்கையால தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு இப்பத்தான் போறாரு."

பெரியப்பா தம்பியின் நனைந்த சட்டையைப் பார்த்தார். திரும்பி எல்லைக் கல்லைப் பார்த்தார். பிறகு பானட்டில் இருந்து கையை எடுத்தார்.

"எல்லைக்கு இந்தப் பக்கந்தான். ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்து, தம்பியின் கழுத்தில் இருந்த ஈரத்தை அவரே துடைத்துவிட்டார். பூங்குழலிக்கு அப்போதுதான் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தி, விளக்கு ஏற்றி முடிந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் வந்து கூடியிருந்தார்கள். அம்மா இன்னும் அழவில்லை என்பதால் அவர்களும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர் கட்டியிருந்த வேட்டியை மடியில் போட்டு, அதில் ஓரமெல்லாம் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பூங்குழலி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டாரு?" என்று தலை நிமிராமல் கேட்டாள் அம்மா.

இரண்டு வருஷமாக உப்பில்லாத கஞ்சியை அளந்து ஊற்றியவள் அவள். பூங்குழலி தயங்கினாள்.

"பரோட்டாம்மா."

"எத்தன?"

"மூணு. சால்னா ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக்கிட்டாரு."

அம்மா சட்டென்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்பது பூங்குழலிக்கு மட்டும்தான் தெரிந்தது. வாசலில் இருந்த பெண்கள் அவள் அழத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்து ஒப்பாரியை எடுத்தார்கள்.