அடுத்த மாசக்காரர்

மகளுக்கு முப்பத்தொன்பது வயது முடிந்த அன்று அப்பாவுக்கு முப்பத்தெட்டுதான் ஆகியிருந்தது. இதற்காகத் தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. முப்பது வருடமாகப் பார்க்கிற கூத்துதானே.

மகளுக்கு ஒன்பது வயதில் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஆட ஆசை வந்தது. வீட்டிலிருந்த மெஷினில் கார் நகரவே மாட்டேன் என்றது. “புது பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் போட்டுடலாம் கண்ணு. முதல் ரேஸ் நம்ம ரெண்டு பேருக்கும்தான்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு, எதை வாங்குவது என்று தேட உட்கார்ந்தார் அப்பா. உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். அன்றிலிருந்து அவருக்கு ஒரு நாள்கூட வயது ஏறவில்லை. மூன்று நாள் தாடி மூன்று நாள் தாடியாகவே நின்றது.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் சோம்பேறி இல்லை. ஒரு கார்டைப் பிடிப்பார். அதன் வேகத்துக்கு இந்த பிராசஸர் ஈடுகொடுக்காது என்பார். பிராசஸரை மாற்றுவார்; இப்போது அதற்குக் கார்டு போதாது. இரண்டும் ஒருவழியாகப் பொருந்தி வரும்போது எவனாவது புது மாடலை அறிவித்துத் தொலைப்பான். “அடுத்த மாசம் வந்துடும், பொறு” என்பார், பிரசவத்துக்கு நாள் குறிக்கிற டாக்டர் மாதிரி. தெரு அவருக்கு அடுத்த மாசக்காரர் என்று பெயர் வைத்தது. அவருடைய ஒப்பீட்டு அட்டவணை நாற்பதாயிரம் வரிகளைத் தாண்டியது. அதில் முக்கால்வாசிப் பொருட்கள் இப்போது எந்தக் கடையிலும் இல்லை, ஆனாலும் அழிக்க மனசு வரவில்லை துரைக்கு. அறுபது வயதாகிவிட்டதென்று அலுவலகம் ஓய்வுக் கடிதம் அனுப்பியது; ஆளை நேரில் பார்த்துவிட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டது.

மனைவி அவரைவிட மூன்று வயது இளையவள். முதலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். பிறகு அவள் தலைக்குச் சாயம் பூசினாள். பிறகு அதையும் விட்டாள். “என்னங்க” என்று கூப்பிட்டவள் ஐம்பத்தைந்து வயதில் “ஏம்ப்பா” என்றாள், அறுபதில் “டேய் தம்பி” என்றாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாவற்றுக்கும் “ம்” என்றார்.

மகள் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்தாள். யார் யாருக்கோ நூற்றுக்கணக்கான மெஷின்களைக் கழற்றிப் பூட்டிக் கொடுத்தவள், அப்பாவின் மெஷினைத் தொடவில்லை. வாக்குக் கொடுத்தவர் வாங்கட்டும் என்ற வீம்பு. அந்த வீம்பு உடைந்தது ஆஸ்பத்திரியில். முழங்கால் வலிக்கு அம்மாவைக் காட்டப் போனபோது, கூட வந்த அப்பாவைப் பார்த்து நர்ஸ், “மகனும் உள்ள வரலாம்” என்றாள். “ஆமாம்மா, என் பையன்தான்” என்றாள் அம்மா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

வெளியே வந்து மகளிடம் சொன்னாள்: “கூடச் சேர்ந்து கிழமாக ஒரு ஆள் வேணும்னுதானேடி கல்யாணமே பண்ணிக்கிட்டேன். நான் மட்டும் தனியா கிழவியாயிட்டேன்.”

மறுநாள் காலை, யாரோ வேண்டாமென்று கடையில் விட்டுப்போன மதர்போர்டு, பிராசஸர், கார்டு மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மகள் வந்தாள். அப்பாவின் மெஷினைத் திறந்தபோது முப்பது வருடத் தூசி மெத்தையாக வந்தது.

“ஐயோ, இந்தக் கார்டா? இதுல மெமரி பத்தாதும்மா. ரெண்டு வாரம் பொறு, அடுத்த மாசம்…”

“ஸ்க்ரூ டிரைவரை எடு.”

“அப்பாகிட்ட இப்படியா பேசுவ?”

“யாருக்கு யாரு அப்பா? நான் உன்னைவிட ஒரு வயசு மூத்தவ. எடுடா!”

எடுத்துக் கொடுத்தார். நாற்பது நிமிடத்தில் முடிந்தது, முப்பது வருட வேலை. திரை வெளிச்சமானது. இருவரும் ஆளுக்கொரு கன்ட்ரோலரைப் பிடித்தார்கள். பந்தயம் மூன்று சுற்று. முதல் சுற்றில் அவர் காதோரம் நரைத்தது. இரண்டாவதில் முன்மண்டை வழுக்கையானது, தோள் சரிந்தது. மூன்றாவது சுற்று முடிவதற்குள் இரண்டு பல் விழுந்தன, கை நடுங்கத் தொடங்கியது. மகள்தான் ஜெயித்தாள். இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தானா என்று நினைத்தாலும், அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

டீ கொண்டுவந்த அம்மா வாசற்படியிலேயே நின்றாள். அறுபத்தெட்டு வயதுக் கிழவரை உச்சி முதல் கால் வரை பார்த்தாள்.

“என்னங்க, வந்துட்டீங்களா?” என்றாள்.

அவர் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “படம் மங்கலா தெரியுது. நான்தான் சொன்னேனே, இந்தக் கார்டு உதவாதுன்னு.”

“கார்டு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குக் கண்ணுல புரை” என்றாள் மகள்.

அடுத்த வாரம் கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் மூன்று வகை லென்ஸ்களை மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் என்ன வசதி என்று கேட்க அப்பா வாயைத் திறந்தார். அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “முதல்ல இருக்கிறதையே வைங்க டாக்டர்” என்றாள் மனைவி. அதையே வைத்தார்கள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, நிதானமாகப் படியிறங்கி வீட்டுக்கு வந்தார்கள்.