271ஆம் எண்ணின் பெயர்

1997 ஆனி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை, வெள்ளவத்தையில் கடலைப் பார்த்துக் கிடக்கும் ஓர் ஒழுங்கையில் குடியிருந்த நாற்பத்தொரு தமிழரின் பெயர்கள் எண்களாகிவிட்டன. எண்கள் 258இல் தொடங்கின. அடையாள அட்டையில் எண், கலியாண அழைப்பிதழில் எண், கூப்பிட வாயைத் திறந்தாலும் எண். பால்காரர் 263இன் வாசலில் வழக்கம்போல இரண்டு போத்தல் வைத்துவிட்டுப் போனார். மா விலை ஏறியதைக் கதைப்பதுபோல இதையும் கதைத்துவிட்டுச் சனம் வேலைக்குப் போனது.

ஜெகதீஸ்வரிக்கு மட்டும் உடம்பு பற்றி எரிந்தது. சனிக்கிழமைச் சுற்றிவளைப்பில் ஒழுங்கையில் இன்னும் சிலரோடு அவளுடைய புருசனையும் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். சொந்தக்காரர் வந்து பெயரைச் சொன்னால் விடுவோம் என்றார் பொலிஸ் பொறுப்பதிகாரி. நாலு வருசம் குடும்பம் நடத்திய மனுசனின் பெயரைச் சொல்லப்போனால் 271 என்றுதான் வாயில் வந்தது. எண்ணுக்கெல்லாம் ஆளை விடமுடியாது என்று சொல்லிவிட்டு அதிகாரி தேத்தண்ணீரைக் குடித்தார். பெயரைப் பிடுங்கிவிட்டுப் பெயர் கேட்கிற அநியாயத்தை எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது?

இது யாருடைய வேலை என்று அவளுக்குத் தெரியும். அவளுடையதுதான். கொட்டாஞ்சேனையில் ஒரு கணினி அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவள் அவள். குடியிருப்பாளர் பதிவுப் படிவங்களைப் படிக்க ஒரு புரோகிராம் வேண்டும், பட்டியலில் இல்லாத ஒரு பெயர் வந்தாலும் அது நின்றுவிட வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டார்கள். சம்பளத்தை நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒழுங்கையில் உள்ளவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்சர் ஜெனரேட்டரிடம் கொடுத்தாள். விதிகளைக் கொடுத்தால் புரோகிராமைத் தானே எழுதித்தரும் கருவி அது. ஒவ்வொரு சொல்லுக்கும் 258இலிருந்து ஓர் எண் போடும். பிறகு எண்ணை மட்டுமே அறியும். திங்கட்கிழமை புரோகிராமை ஓடவிட்டதும் ஒழுங்கையும் அப்படியே ஆகிவிட்டது. ஆனால் கருவி பெயர்களை அழிப்பதில்லை. தான் எழுதிய கோப்பின் நடுவில், ஆயிரம் வரிகளுக்கிடையில், ஓர் அட்டவணையில் வரிசையாக வைத்திருக்கும்.

அந்த அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை பொலிசுக்குப் போனாள். 258இலிருந்து எண்ணினால் 271 பதினாலாவது. மேலிருந்து பதினாலாவது வரியை உரத்து வாசித்தாள்: “யேசுரட்ணம்.” பூட்டு தானாகத் திறந்தது. மூலை வீட்டுத் தையற்காரர் சேர்ட் பொத்தானைப் பூட்டியபடி வெளியே வந்து, நன்றி தங்கச்சி என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அவள் தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். முதல் மூன்று வரிகளில் ஆட்களே இல்லை. முடிவு, பிழை, தெரியாதது என்று மூன்றைக் கருவி எப்போதும் தனக்கென்று முன்னால் போட்டுக்கொள்ளும். மனிதர் நாலாவது வரியில்தான் தொடங்கினார்கள். மூன்று வரி கீழே இறங்கி வாசித்தாள்.

“கதிர்காமநாதன்.”

தாடியோடும் கசங்கிய சாரத்தோடும் வெளியே வந்தவர் அவளுடைய கையைப் பிடித்தார்.

“272, வாரும் போவம்.”

அவளுக்கு வந்த கோபத்தில் அழுகையும் வந்தது. கையை விடுவித்துக்கொண்டு அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்று, நாலாவது வரியிலிருந்து கடைசி வரைக்கும் ஒருவரையும் விடாமல் வாசித்தாள். பூட்டுகள் திறந்தபடி இருந்தன. ஒழுங்கையில் அடையாள அட்டைகளில் எழுத்துகள் திரும்பின. தன் பெயரையும் தானே வாசித்தாள்.

பொறுப்பதிகாரி தாளை எட்டிப் பார்த்து, மேலே உள்ள மூன்று பேரும் யார், அவர்கள் எங்கே என்று விசாரித்தார்.

“அது எங்கட ஆக்களில்லை, சேர். உங்கடதான். நீங்களே வச்சிருங்கோ.”

“போவம், ஜெகதீஸ்வரி,” என்றார் புருசன்.

அதிகாரி அந்த மூன்று பெயர்களையும் கைதிகள் புத்தகத்தில் பதிந்தார். யுத்தம் முடியும்வரை அவர்களுக்கு மூன்று வேளையும் சோற்றுப் பார்சல் போனது. வெறும் தாள்தான் திரும்பி வந்தது. பிழைக்கு மட்டும் எப்போதும் இரண்டு பார்சல் தேவைப்பட்டது.