கடைசி பெஞ்சுக்கு வந்த கிராக்கி

1

வந்திருந்தவர்களும் அமர்ந்த இடமும்:

முன் வரிசைகளில் யாரும் இல்லை. நடுவில் பாடகர் குழு. எழுந்து பாடவேண்டியிருந்ததால் அவர்களுக்கு வேறு வழியில்லை. கடைசி பெஞ்சின் வலது ஓரம் மூப்பர் போல்தாக் சியாஹான். இடது ஓரம் மூப்பர் போனார் ஹுதாபேயா, போல்தாக்கின் தங்கையைக் கட்டியவர். நடுவே இரு குடும்பங்களும், ஒருவர் மடியில் ஒருவராக. பீடத்தில் போதகரம்மா தியுர்லான், தனியாக. வாசலுக்கு வெளியே, நின்றபடி, மீன்காரி லம்ரியா. போன வாரம்வரை அந்தக் கடைசி பெஞ்சு அவளுடையது.

முதலில் இந்தக் கதையை வேறுமாதிரித் தொடங்கியிருந்தேன். "தோபா ஏரியின்மேல் காலைப் பனி விலக, ஆலய மணி…"

அடித்துவிட்டேன். பனிக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தமில்லை. விருந்தில் பன்றித் தாடை யாருக்கு, விலா யாருக்கு என்று முறை பார்த்துப் பங்கிடுகிற ஜனம் நாங்கள். துண்டு மாறினால் பேரன் காலம்வரை பேச்சுவார்த்தை இருக்காது. எங்கள் சபையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொல்லிவிட்டால் பாதிக் கதை சொன்னதாகிவிடும். இந்தக் கதை பிறந்ததும் அந்த பெஞ்சில்தான்.

2

மீதிப் பாதி, அதற்கு முந்தின ஞாயிறு தியுர்லான் செய்த ஒரு பிரசங்கம். விருந்துக்குப் போனால் முதல் இடத்தில் போய் உட்காராதே, கடைசி இடத்தில் உட்கார். அழைத்தவரே வந்து, 'நண்பரே, மேலே வாரும்' என்பார். தியுர்லான் சொல்ல நினைத்தது முதல் பாதியை. மூப்பர்கள் கேட்டுக்கொண்டது இரண்டாம் பாதியை.

அன்று மாலை கள்ளுக்கடையில் போல்தாக் யோசித்தார். முன்னால் போய் உட்கார்ந்தால் அது வெறும் உட்கார்தல். பின்னால் உட்கார்ந்து, சபையே திரும்பிப் பார்க்க, பேர் சொல்லி முன்னால் அழைக்கப்பட்டால்? அடுத்த மேசையில் போனாரும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு வந்தது.

"மச்சான், நீங்க பெரியவரு. முன்னாடி போங்க."

"நான் எந்த மூலைக்கு? நீங்க போங்க மச்சான்."

"தாழ்மையில என்னை ஒருத்தன் ஜெயிக்க முடியாது, சொல்லிட்டேன்!"

(நாங்கள் வேதத்தை அன்றாட வாழ்க்கையில் கடைப்பிடிப்பதில்லை என்று குறைசொல்பவர்கள் அன்று வந்து பார்த்திருக்கவேண்டும்.)

வாசலிலிருந்து லம்ரியா கேட்டாள்: "இத்தனை வருஷமா அங்க உக்காந்திருந்தேன், மூக்கைப் பொத்துனீங்க. இப்ப மட்டும் மணக்குதோ?"

3

ஆராதனை முடிந்ததும் போல்தாக் தியுர்லானைத் தனியே பிடித்தார். "அடுத்த ஞாயிறு ஒரு தடவை கூப்பிட்டுடுங்க போதகரம்மா. என் பேரை முதல்ல. இல்லேன்னா பேராயத்துக்குக் கடிதம் போகும். உங்களை மாத்திடுவாங்க." அவர் போனபின் போனார் வந்து அதையே சொன்னார். பேர் மட்டும் வேறு.

தியுர்லானுக்கு இது முதல் சபை. விட்டுப்போக மனமில்லை. ஒரு பேரைச் சொல்லிவிட்டால் போதும், அந்தப் பேருக்குரியவர் காப்பாற்றிவிடுவார்.

அடுத்த ஞாயிறு அவள் பீடத்திலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு மூப்பர்களும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அவள் இருவரையும் தாண்டி வெளியே போய், "மேலே வாங்க அக்கா" என்று லம்ரியாவின் கையைப் பிடித்து, முதல் வரிசையில் கொண்டுவந்து உட்காரவைத்தாள்.

[இங்கே இவளைப்பற்றி எனக்குச் சந்தேகம். வாசலில் நின்றுகொண்டிருந்த அந்த அம்மாளின் கால்வலிக்காக அழைத்தாளா, பிரசங்கத்துக்கு நல்ல உதாரணம் கிடைத்ததென்று அழைத்தாளா? முதல் காரணத்தை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். பேனா ஓடவில்லை.]

லம்ரியாவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "என்னை எதுக்கும்மா பொம்மை மாதிரி கொலு வெச்சீங்க? இங்க ஒரு கொட்டாவி விட முடியல. படகு வந்துட்டா நடுவுல எப்படி எந்திரிச்சு ஓடுவேன்?"

4

அன்றைக்கே கடிதம் தயாரானது. மச்சான்கள் இருவரும் ஒன்றுசேர்ந்து செய்த முதல் காரியம் அது. போல்தாக் அதை தியுர்லான் முன்னால் வாசித்தார்:

"கடைசி இடத்தின் மேன்மையை எங்கள் போதகர் எங்களுக்கு உணர்த்தினார். அந்த மேன்மையை அவரும் அனுபவிக்கும்படி, பேராயத்திலேயே கடைசியாக உள்ள மலைச் சபையை அவருக்குத் தந்தருளவேண்டுமாய்…"

எங்கள் சபையில் ஒரு முறை உண்டு. போதகர் முத்திரை இல்லாமல் பேராயத்துக்கு ஒரு காகிதமும் போகாது. போதகரை மாற்றச் சொல்லும் காகிதமானாலும் சரி.

முடிவு ஒன்று: முத்திரையை ஏரியில் எறிகிறாள். (புதிதாக ஒன்று செய்துவிடுவார்கள்.)

முடிவு இரண்டு: மூப்பர்கள் மனம் உடைந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, கண்ணீர்… (மன்னியுங்கள். எனக்கு இவர்களைத் தெரியும்.)

நடந்தது இது. மறுப்பதற்கு ஒரு வசனம் தேடினாள் தியுர்லான். கிடைத்ததெல்லாம் முத்திரை குத்தச் சொன்னது.

"கஷ்டமா இருந்தா வேண்டாம் போதகரம்மா," என்றார் போனார். "நாங்க என்ன கல்லா? வர்ற ஞாயிறு கூப்பிட்டாப் போதும்."

"யாரை முதல்ல?"

"என்னைத்தான்," என்றார் போல்தாக்.

"உங்களை எதுக்கு?"

சண்டை வாசல் தாண்டி, முற்றம் தாண்டி, சாலைக்குப் போய்விட்டது. கடிதம் மேசைமேல் கிடந்தது. கிழித்தால் கேட்க ஆளில்லை.

லம்ரியா கூடையோடு எட்டிப் பார்த்தாள். "டவுனுக்குப் போறேன். தபால் ஏதோ இருக்குன்னாங்க."

"என்ன தபால்னு தெரியுமா அக்கா?"

"ஊருக்கே தெரியும்."

"நான் போகணும்னு நீங்களும் நினைக்கிறீங்களா?"

லம்ரியா கூடையை இறக்கிவைத்தாள். "நீங்க நல்ல பொண்ணுதான். பொய் சொல்வானேன்? ஆனா நீங்க இருக்கறவரைக்கும் அவனுங்க பின்னாடியேதான் குந்தியிருப்பானுங்க. நீங்க போனா பழையபடி முன்னாடி ஓடிடுவானுங்க. எனக்குக் கால் கடுக்குதும்மா."

அவளுக்காகவாவது இங்கே இருக்கவேண்டும் என்றுதான் தியுர்லான் அதுவரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேராயத்தில் இந்தக் கடிதத்தைப் பிரிப்பவர் யார், என்ன செய்வார் என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களே பிரியுங்கள். மலைச் சபைக்கு அனுப்புவீர்களோ, மேலே வா என்பீர்களோ, உங்கள் பாடு. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: உறையில் மீன் வாடை இருக்கும்.

தியுர்லான் முத்திரையைக் குத்தினாள். கடிதத்தை மடித்து உறையிலிட்டு, பசை தடவி, ஓரம் பிரியாமல் இருக்க உள்ளங்கையால் அழுத்தினாள். லம்ரியா அதைக் கெண்டை மீன்களுக்குமேல், வாழையிலையில் வைத்து, கூடையைத் தலைக்கு ஏற்றினாள்.

"ஓடுறேம்மா, படகு நிக்காது."